புல்லின் கணக்கு

ஏரிக்கரையில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கைக் கண்டிராதவர் நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் யார்தாம் இருப்பர்? கொக்கின் உணவு மீன். மீனின் உணவு நீர்ப்பூச்சி. பூச்சியின் உணவு பாசி. பாசிக்கு உணவாக்கும் ஆற்றலைத் தருபவன் கதிரவன். இவ்வுணவுச் சங்கிலியின் முதற் கண்ணியாகிய பசுந்தாவரங்களை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட பெரியார் ஒருவரை இங்கு நினைவுகூர விழைகிறேன். அவர்தாம் இந்தியச் சூழ்நிலையியலின் தந்தை எனப் போற்றப்படும் பேராசிரியர் இராம்தேவ் மிஸ்ரா.

1908ஆம் ஆண்டு பிறந்த மிஸ்ரா, இங்கிலாந்து சென்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பியர்சாலிடம் பயின்று, 1937இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்நாட்டு ஏரிகளில் எவ்வகைச் சேற்றில் எந்த நீர்த்தாவரம் வளர்கிறது, ஏன் வளர்கிறது என்பதே அவர் ஆராய்ந்த பொருள்.

1942இல் லிண்டெமன் என்னும் அமெரிக்க இளைஞரின் கட்டுரை, ஓர் ஏரியில் ஆற்றல் படிக்குப்படி குறைந்து செல்வதைக் கணக்கிட்டுக் காட்டியது. அதையொட்டி நம் பாடநூல்கள் பத்து சதவீத விதியைக் கூறுகின்றன. புல்லில் 1000 கலோரி இருந்தால் வெட்டுக்கிளிக்கு ஏறத்தாழ 100, தவளைக்கு 10, பாம்புக்கு 1 மட்டுமே சேரும். எஞ்சியதில் பெரும்பகுதி சுவாசத்தில் வெப்பமாகக் கழியும். உண்ணப்படாததும் செரிக்காததும் மட்குண்ணிகளைச் சேரும். ஆகவே, மேற்படியில் எத்தனை உயிர்கள் வாழலாம் என்பதை முடிவு செய்வது அடிப்படியிலுள்ள பசுமையே.

அந்தப் பசுமையின் கணக்கைத்தான் மிஸ்ரா நம் நாட்டில் தொடங்கிவைத்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அவரும் அவர்தம் மாணவர்களும் வெப்பமண்டலப் புல்வெளிகள், காடுகள் ஆகியவற்றின் உற்பத்தித் திறனை ஆராய்ந்தனர். இந்தியாவில் சூழ்நிலையியலுக்கான முதல் முதுநிலைப் பாடத்திட்டத்தை வகுத்தவர் அவரே. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் ஆய்வுப் பட்டம் பெற்றனர். அவருடைய முயற்சியின் பயனாக 1972இல் மத்திய அரசு சுற்றுச்சூழல் திட்டத்துக்கென ஒரு தேசியக் குழுவை அமைத்தது. பின்னாளில் சுற்றுச்சூழலுக்குத் தனி அமைச்சகம் தோன்ற அதுவே வழிகோலியது. 1998இல் அவர் மறைந்தார்.

எங்கள் பகுதியில் நெல் விளைந்த நிலங்கள் பலவற்றில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் கூலியில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. நான் படிப்பதும் அதனால்தான். அதை நான் மறவேன். ஆயினும், வயல் போனால் புல் மட்டுமா போகிறது? அதன் மேலுள்ள படிகளெல்லாம் உடன் சரியுமே!

கடந்த விடுமுறையில் எங்கள் ஏரிக்கரையில் ஒரு சதுர மீட்டர் புல்லை அறுத்து வெயிலில் உலர்த்தினேன். எஞ்சியது ஒரு சிறு கட்டே. அதை நம்பி எத்தனை வெட்டுக்கிளிகள், எத்தனை தவளைகள் என்று எண்ணியபோதுதான் மிஸ்ராவின் உழைப்பு எனக்கு விளங்கியது. மாணவ நண்பர்களே, நாமும் நம் ஊர்ப் பசுமையின் கணக்கை எழுதத் தொடங்குவோமாக!