இரவுப் பறவையும் அறிஞர் சாலிம் அலியும்

இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்பெறும் டாக்டர் சாலிம் அலி அவர்கள் 1896 நவம்பர் 12-இல் பம்பாயில் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்த அவரைத் தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜி வளர்த்தார். சிறுவயதில் அவர் சுட்டு வீழ்த்திய ஒரு மஞ்சள் கழுத்துச் சிட்டு, இன்னதென விளங்காமையால், அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலுக்கு அழைத்துச் சென்றது. அறியாததை அறிந்தாரிடம் சென்று கேட்கும் அப்பண்பே அவர்தம் வாழ்வை வழிநடத்தியது.

நாடெங்கும் நடந்து பறவைகளை ஆராய்ந்த அவருக்கும் நெடுங்காலம் அகப்படாத பறவை ஒன்று இருந்தது. படை மருத்துவர் ஜெர்டான் கண்டறிந்து, 1848-இல் அறிவுலகம் அறிந்த அப்பறவை, தரையில் ஓடித் திரிவது. ஆந்திரத்து முட்புதர்க் காடுகளுக்கே உரியது. 1900-க்குப் பின் அதனைக் கண்டதாகச் செய்தியில்லை. சாலிம் அலி உள்ளிட்ட அறிஞர் பலர் தேடியும் பயன் விளையவில்லை. பகலில் புதருள் ஒடுங்கி, இருளில் இரைதேடும் உயிரைப் பகலில் தேடினால் எங்ஙனம் கிட்டும்?

1985-இல் கழகத்தார் மீண்டும் முயன்றனர். இம்முறை பறவையின் படத்தைக் காட்டி ஊர் மக்களை வினவினர். இரவில் விளக்கேந்திக் காட்டில் வேட்டையாடிப் பழகிய ஐத்தன்னா என்பார் அதனை அறிந்திருந்தார். கலிவி கோடி என்பது ஊரார் அதற்கு இட்ட பெயர். கலிவிப் புதர்க் கோழி என்பது பொருள். 1986 சனவரியில் கடப்பை மாவட்டக் காட்டில், ஓரிரவு, விளக்கொளியில் அதனை அவர் பிடித்தார். எண்பத்தாறு ஆண்டுப் புதிர் அவிழ்ந்தது. அப்போது சாலிம் அலிக்கு அகவை 89.

தமிழகத்து மேகமலையில் 1948-இல் கிடைத்த பழந்தின்னி வௌவால் ஒன்றும் வேறோர் இனமெனப் பிழையாகக் கருதப்பட்டுக் கழகத்தின் சேகரிப்பில் பல்லாண்டு கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா 1972-இல் அதனைப் புதிய இனமென நிறுவிச் சாலிம் அலியின் பெயரையே சூட்டினார்.

1987 சூன் 20-இல் அவர் மறைந்தார். ஏட்டறிவு எட்டாத இடத்தை வேட்டுவரின் இரவறிவு எட்டியது. கற்றோர் அவரை நாடிச் சென்று கேட்ட பின்னரே அப்பறவை மீண்டும் உலகிற்குக் கிடைத்தது. மாணவச் செல்வங்கள் நெஞ்சிற்கொள்ள வேண்டிய பாடம் இதுவே.