இஸ்மாயீல் என்னும் பெயர்

ஜவ்வாது மலையடிவாரத்தில், ஆலங்காயம், வாணியம்பாடிப் பக்கம் அகீகாவுக்கு அழைக்கப்படும்போது, ஆண் குழந்தைக்கு இஸ்மாயீல் என்று பெயரிடச் சொல்வோருண்டு. பொருள் கேட்டால் விழிப்பார்கள். காயிதே மில்லத்தின் பெயரல்லவா, ஹழ்ரத், என்பார்கள். அதுவும் நல்ல பதில்தான்.

இப்ரானி மொழியில் அதன் பொருள், இறைவன் செவியேற்கிறான் என்பது. அன்னை ஹாஜராவின் துயரை இறைவன் கேட்டதால் வந்த பெயர் என்று யூதர்களின் வேதம் கூறுகிறது. முதுமையில் பிள்ளைகளைப் பெற்ற இப்ராஹீம் (அலை) அவர்களும், துஆவைச் செவியேற்பவன் என்றே இறைவனைப் புகழ்ந்ததாகக் குர்ஆன் சொல்கிறது. இஸ்மாயீல் (அலை) அவர்களை வாக்குத் தவறாதவர் என்கிறது ஸூரா மர்யம்.

அதே யூத வேதத்தில் வேறோர் இஸ்மாயீலும் உண்டு. நெத்தனியாவின் மகனான அவன், ஆளுநர் கெதலியாவுடன் ஒரே விரிப்பில் உணவுண்டு, அங்கேயே அவரைக் கொன்றான். அத்துயருக்காக யூதர்கள் இன்றளவும் நோன்பிருக்கின்றனர்.

நம் இஸ்மாயீல் சாஹிப் 5-6-1896 அன்று திருநெல்வேலி பேட்டையில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தவருக்குத் தாயாரே மார்க்கக் கல்வி புகட்டினார். 1920-ல் ஒத்துழையாமை இயக்கத்திற்காகப் பட்டத் தேர்வையே துறந்தார். பட்டத்திற்காகத் தொழுகையை விடும் நம் பிள்ளைகளை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை!

பிரிவினைக்குப் பின் முஸ்லிம் லீகைக் கலைத்துவிடலாம் என்ற குரல் வலுத்திருந்தது. தலைவர்கள் பலர் எல்லை கடந்து போய்விட்டனர். போகாத ஏழை எளியோரின் கதி என்ன? 10-3-1948 அன்று சென்னையில் கூடிய கூட்டம் கலைக்க மறுத்து, இந்திய யூனியன் முஸ்லிம் லீகைத் தோற்றுவித்தது. அதன் தலைமைப் பொறுப்பை இறுதிவரை சுமந்தவர் அவரே. 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் எழுந்தபோது, இம்மண்ணின் தொன்மொழி தமிழே என்று வாதாடினார். அதே தமிழரை 1962, 1967, 1971 தேர்தல்களில் மலையாள மக்கள் மஞ்சேரியிலிருந்து பாராளுமன்றத்துக்கு அனுப்பினர்.

சீனப் போரின்போது தம் ஒரே மகனைப் போர்முனைக்கு அனுப்பச் சித்தமாயிருப்பதாகப் பிரதமர் நேருவுக்கு எழுதினார் என்று அவர் வரலாறு சொல்வோர் கூறுவர். இஸ்மாயீல் என்ற பெயருடையவர் அன்று இப்ராஹீமின் இடத்தில் நின்றார்.

5-4-1972 அன்று வஃபாத்தானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அவருடைய கப்ரு இருக்கிறது.