மண்வெட்டி பிடித்த கை கட்டிய மாளிகை



பள்ளிப் பாரத்தில் தகப்பனார் தொழில் என்ற இடம் வந்தால், நம் பிள்ளைகளில் சிலர் தலையைக் குனிந்துகொண்டுதான் எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகவே இந்தக் கதையை எழுதுகிறேன். கொஞ்சம் கேளுங்கள்.

தோட்டம் என்றதும் நம் மனக்கண்ணில் வருவது பால் மரமும் பெரட்டுக்களமும்தானே? இங்கிலாந்தில் டெர்பிஷயர் வட்டாரத்தில் வேறு மாதிரியான தோட்டம் ஒன்று இருக்கிறது. சாட்ஸ்வொர்த் என்னும் பிரபு மாளிகையைச் சுற்றிய பூந்தோட்டம் அது. அதற்குப் புகழ் தேடித் தந்தவர் ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்காரர்.

1803-ஆம் ஆண்டு, மில்டன் பிரையன் என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் ஏழாவது மகனாகப் பிறந்தார் பாக்ஸ்டன். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. பதினைந்து வயதிலேயே தோட்ட வேலைக்குப் போய்விட்டார். பிறகு லண்டனுக்கு அருகே ஒரு சங்கத்தின் தோட்டத்தில் வேலை செய்தார். அந்த நிலத்தின் சொந்தக்காரர் டெவன்ஷயர் கோமகன். அடிக்கடி அங்கே வந்து போன அவர், இந்த இளைஞனின் சுறுசுறுப்பைக் கவனித்தார். 1826-இல் தம் சாட்ஸ்வொர்த் தோட்டத்துக்கே தலைமைத் தோட்டக்காரராக அமர்த்திவிட்டார். அப்போது பாக்ஸ்டனுக்கு வயது 23-கூட நிறையவில்லை!

முதல் நாள் எப்படி வேலைக்கு வந்தார் தெரியுமா? காலை நாலரை மணிக்கு! யாரும் எழுந்திருக்கவில்லை. கதவு ஏறிக் குதித்து உள்ளே போனார். தோட்டம் முழுவதையும் சுற்றிப் பார்த்தார். ஆறு மணிக்கெல்லாம் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டார். காலைச் சாப்பாட்டின்போது சாரா என்ற பெண்ணைச் சந்தித்தார். மறு வருடமே அவர்களுக்குக் கல்யாணம். பின்னாளில் கணவர் வெளியூர் போனபோது தோட்டக் கணக்கு வழக்குகளைத் திறமையாகக் கவனித்தவர் இந்த அம்மாள்தான்.

வாழைப்பழம் சாப்பிடுகிறீர்களே, கேவண்டிஷ் வாழை என்று கேள்விப்பட்டதுண்டா? உலகச் சந்தையில் மிக அதிகமாக விற்கும் இனம் அது. குளிர் நாட்டில் கண்ணாடிக் கூடத்தில் வைத்து அதை வளர்த்துக் காய்க்கச் செய்தவர் பாக்ஸ்டன். கோமகனின் குடும்பப் பெயரே வாழைக்கும் பெயராகிவிட்டது.

1844-இல் ரஷ்யச் சக்கரவர்த்தி வரப்போகிறார் என்று, மலைமேல் 8 ஏக்கரில் ஏரி வெட்டி நீரூற்று அமைத்தார். இரவிலும் விளக்கொளியில் ஆட்கள் உழைத்தார்கள். தண்ணீர் 296 அடி உயரம் பாய்ந்தது. சக்கரவர்த்தி கடைசிவரை அங்கே வரவேயில்லை! ஆனால் உழைப்பு வீண்போகவில்லை. இன்றும் அந்த ஊற்றைப் பார்க்க சாதாரண மக்கள்தான் திரண்டு வருகிறார்கள்.

1849-இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த ராட்சத அல்லிச் செடியைப் பூக்க வைத்தார். அதன் இலைமேல் தம் சின்ன மகளையே நிற்க வைத்துப் பார்த்தார். இலை தாங்கியது! அடிப்பக்கத்து நரம்புகள்தான் அந்தப் பலத்துக்குக் காரணம் என்று கண்டுகொண்டார்.

லண்டனில் பெரிய பொருட்காட்சிக்குக் கட்டடம் தேடினார்கள். 200-க்கு மேற்பட்ட திட்டங்கள் வந்தும் ஒன்றும் சரிப்படவில்லை. பாக்ஸ்டன் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தபடியே மையொற்றுத் தாளில் ஒரு படம் கீறினார். அதுதான் 1851-இல் எழுந்த கண்ணாடி மாளிகை! இரும்பும் ஏறக்குறைய 3 லட்சம் கண்ணாடித் தகடுகளும் கொண்டது. அரசாங்கம் அவருக்கு 'சர்' பட்டம் அளித்தது. பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். 1865-இல் காலமானார்.

சாட்ஸ்வொர்த்தில் அவர் கட்டிய பெரிய கண்ணாடிக் கூடம் இப்போது இல்லை. முதல் உலகப் போரில் சூடேற்ற நிலக்கரி இல்லை, செடிகள் மடிந்தன. 1920-இல் அதை இடித்துவிட்டார்கள். அடிச்சுவர்கள் மட்டும் நிற்கின்றன. நடுவே 1962-இல் நட்ட செடிகளால் ஆன சுற்றுவழித் தோட்டம் இருக்கிறது. அவர் அடுக்கிய பாறைத் தோட்டத்தையும் அண்மை ஆண்டுகளில் புதுச் செடிகள் நட்டுப் புதுப்பித்திருக்கிறார்கள். கவனிக்க ஆள் இருந்தால்தான் தோட்டம் உயிரோடு இருக்கும், பார்த்தீர்களா?

அந்த அல்லி வந்த கியூ தோட்டத்துக் கண்ணாடிக் கூடங்களில்தான், 1876-இல் ரப்பர் விதைகளும் முளைத்தன. அந்தக் கன்றுகள் மறு ஆண்டு இங்கே வந்தன. பிறகு அந்த மரங்களில் பால் வெட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்.

ஆகவே பிள்ளைகளே, அடுத்த முறை அந்தப் பாரத்தில் அப்பாவின் தொழிலை எழுதும்போது, தலை நிமிர்ந்து, எழுத்துத் திருத்தமாக எழுதுங்கள்!