டெமான்ஸ்ட்ரேட்டர் கிருஷ்ணன்

பாடம் நடத்துகிற எல்லாரையும் 'புரொபசர்' என்று சொல்வது நம் கல்லூரி வழக்கம். ஆவடி ரயிலில் வரும் இன்றைய மாணவர்களும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பதவிக்குக் கீழே எத்தனை படிகள் என்று தெரிய, கீழ்ப்படியிலிருந்து ஏறிய கே.எஸ். கிருஷ்ணனின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும்.

1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். (கிறிஸ்தவக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம்.) அங்கேயே வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனார். ஆசிரியர் வரிசையில் கடைசிப் படி அது. லேபில் பையன்கள் பக்கத்தில் நின்று சோதனை செய்யச் சொல்லித்தர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மதியச் சாப்பாட்டு வேளையில் இவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். இயற்பியலோ வேதியியலோ, எதைக் கேட்டாலும் விளக்குவாராம். பக்கத்துக் கல்லூரிப் பையன்கள்கூட வந்தார்கள்.

1920-ல் கல்கத்தா போனவர், 1923-ல் ராமனிடம் ஆராய்ச்சியில் சேர்ந்தார். ராமன் அங்கே பாலித் பேராசிரியர். பாலித் என்ற வள்ளலின் நன்கொடையில் உண்டான பதவி அது. ஒருவர்தான் வகிக்க முடியும். 1928 பிப்ரவரியில் ராமன் விளைவு கண்டுபிடித்தபோது கூடவே உழைத்தவர் கிருஷ்ணன். 'நேச்சர்' இதழில் வந்த முதல் குறிப்பில் இருவர் பெயரும் உண்டு. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. எனக்கு அதில் இன்னும் ஆதங்கம்தான்.

அதற்கு முன்பே, 1928 கடைசியில், கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடர் ஆகிவிட்டார். (ஈ.பி. மீட்டர் ரீடர் இல்லீங்க!) லெக்சரருக்கு மேலே, பேராசிரியருக்குக் கீழே. துறைக்குப் பெரும்பாலும் ஒரே பேராசிரியர் என்றிருந்த காலம். டாக்காவில் அந்த இடத்தில் இருந்தவரோ சத்யேந்திரநாத் போஸ்! திறமை எவ்வளவு இருந்தாலும் இடம் காலியானால்தான் மேலே போகலாம். கிருஷ்ணன் அதற்காக சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. படிகங்களின் காந்தத் தன்மையை நுட்பமாக அளக்கும் வேலையை அங்கேதான் செய்தார்.

1933-ல் ராமன் பெங்களூர் போனார். அதே வருஷம் கல்கத்தா திரும்பிய கிருஷ்ணன், மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் ஆனார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1942-ல் அலகாபாத்தில் பேராசிரியர், 1947-ல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர்.

2010-ல் வந்த யு.ஜி.சி. விதிகளுக்குப் பிறகு ரீடர், லெக்சரர் என்ற பெயர்கள் போய், உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று மூன்று படிகள் வந்தன. தகுதி இருந்தால், காலியிடத்துக்குக் காத்திராமல் பதவி உயர்வு தரும் திட்டமும் இருக்கிறது. கிருஷ்ணன் காலத்தில் அது கிடையாது. 1961 ஜூன் 14-ல் காலமானபோதும் அவர் அந்த ஆய்வகத்தின் இயக்குநராகத்தான் இருந்தார்.