வழக்குக்குக் காத்திருந்த பாரிஸ்டர்

மணவிலக்கு, ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு என்று குடும்ப வழக்குகளோடு நம்மிடம் வரும் பெண்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது வக்கீல் கட்டணத்தைப் பற்றித்தான். யாரை நம்பி வக்காலத்துக் கொடுப்பது, பணத்துக்கு எங்கே போவது என்னும் இக்கேள்விகளை மேசையின் மறுபக்கத்திலிருந்து அறிந்தவர் அண்ணல் அம்பேத்கர். அரசமைப்பின் சிற்பியாக அவரைப் போற்றும் நாம், வழக்குக்காகக் காத்திருந்த இளம் வழக்குரைஞரை அதிகம் நினைப்பதில்லை.

1916-இல் இலண்டனின் கிரேஸ் இன்னில் சேர்ந்தவர், பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். சொந்தச் சேமிப்பு, கோலாப்பூர் சாகு மகராசரின் உதவி, பார்சி நண்பர் நவல் பத்தேனாவின் கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920-இல் மீண்டும் சென்று, 1922-இல் பாரிஸ்டரானார். பம்பாயில் தொழில் நடத்துவதற்கான சன்னதைப் பெறவும் அதே நண்பரே பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

1923-இல் தொழில் தொடங்கியபோது சாதி வேறு உருவில் வந்து நின்றது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவில் கட்சிக்காரர் பாரிஸ்டரை நேரடியாக அமர்த்த இயலாது. சொலிசிட்டர் வழியாகவே வழக்கு வர வேண்டும். தீண்டப்படாதவர் கையில் வழக்குக் கட்டைக் கொடுக்கச் சாதி இந்து சொலிசிட்டர்கள் முன்வரவில்லை. பட்டம் இலண்டனில் பெற்றதாயினும் வாயிற்காவல் உள்ளூர்ச் சாதியிடம் இருந்தது. எனவே அவர் வெளியூர் நீதிமன்றங்களை நாடினார். வருவாய்க்காக வணிகச் சட்டம் கற்பிக்கும் பகுதிநேரப் பணியையும் ஏற்றார்.

பரேலின் தாமோதர் ஹாலில் இருந்த அவருடைய அலுவலகத்துக்கு ஏழைகள் எவர் பரிந்துரையும் இன்றி வந்தனர். பலரிடம் அவர் கட்டணம் வாங்கவில்லை, தம் வீட்டிலேயே பற்றாக்குறை இருந்தபோதும். 1926-இல் புனேயில் பார்ப்பனரல்லாத தலைவர்களான ஜெதே, ஜவள்கர், பாக்டே ஆகியோர் மீது தொடரப்பட்ட அவதூறு வழக்கில் வென்றபின் அவர் பெயர் பரவியது. மகாடு சவுதார் குளத்து வழக்கோ பத்தாண்டுகள் நீண்டு, 1937-இல்தான் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. அத்தனை ஆண்டுகள் வழக்கு நடத்த ஓர் ஏழைக் குடும்பத்தால் தனியே இயலுமா?

சட்ட அமைச்சரானபின் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக அவர் போராடினார். மணவிலக்கு மரபுக்கு எதிரானது என்றவர்களுக்கு, பெரும்பான்மையான சூத்திரச் சாதிகளில் அது வழக்கமாகவே இருந்துவருவதை எடுத்துக்காட்டினார். மணவிலக்கு இல்லாத ஒழுங்கு மேல்சாதிச் சிறுபான்மையினுடையது. அதுவே இந்துக்கள் அனைவரின் அறமாகக் காட்டப்பட்டது. மசோதா முடக்கப்பட்ட நிலையில் 1951 செப்டம்பரில் பதவி விலகினார்.

பின்னர் அது துண்டு துண்டாக நிறைவேறியது. அவற்றுள் ஒன்றான 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவை நம் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். போதிய வருவாய் இல்லாத மனைவியோ கணவனோ, வழக்கு நடக்கும் காலத்துப் பராமரிப்புத் தொகையோடு வழக்குச் செலவையும் எதிர்த்தரப்பிடமிருந்து கேட்கலாம். அந்த மனுவை, அறிவிப்பு சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்து இயன்றவரை 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்று 2001-இல் சேர்க்கப்பட்டது. அது எவ்வளவு பின்பற்றப்படுகிறது என்பதை நீதிமன்றத் தாழ்வாரங்களில் காத்திருப்போரிடம்தான் கேட்க வேண்டும்.

வழக்குரைஞரையே அமர்த்த முடியாதவர்களுக்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி பெற வருமான உச்சவரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் விண்ணப்பம் தரலாம். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னாலே போதும், எழுதிக்கொள்வது அங்குள்ள அலுவலரின் கடமை.