சுரங்கத்திலிருந்து வந்த வீரர் ஜிம்மி குவின்

ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் செல்டிக், ரேஞ்சர்ஸ் என இரு புகழ்பெற்ற காற்பந்துக் கழகங்கள் உள்ளன. அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்க மக்களின் அரவணைப்பில் வளர்ந்தது செல்டிக். ரேஞ்சர்சின் பின்னே நின்றோர் பெரும்பாலும் புராட்டஸ்டண்டு பிரிவினர். இவ்விரு கழகங்களும் மோதும் நாளில் ஆடுகளத்துக்கு வெளியே இருந்த பகைமையும் உள்ளே வந்து அமர்ந்துகொள்ளும். அத்தகைய சூழலில் ஒளிர்ந்தவரே ஜிம்மி குவின்.

1878ஆம் ஆண்டு குரோய் என்னும் சிற்றூரில் பிறந்த குவின், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. கூச்ச இயல்பினர். மேலாளர் வில்லி மேலி அழைத்தபோதும் ஊரைவிட்டுப் பெருங்கழகத்துக்குச் செல்லத் தயங்கியவர், 1901ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் செல்டிக் அணிக்காகக் களமிறங்கினார். தொடக்கத்தில் இடப்புற ஓரத்தில் ஆடிய அவருக்கு, 1904 ஏப்ரல் 16 அன்று நடந்த ஸ்காட்லாந்துக் கோப்பை இறுதியாட்டத்தில் நடுமுன்னணி இடம் வாய்த்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்த ஹாம்ப்டன் பார்க் அரங்கில் ரேஞ்சர்ஸ் விரைவிலேயே இரண்டு கோல் அடித்து முந்திக்கொண்டது. பின்னர் குவின் ஒருவரே மூன்று கோல்களும் அடித்தார். கோப்பை செல்டிக்குக்குக் கிட்டியது.

மறு ஆண்டு நிகழ்ந்ததே நம் சிந்தனைக்கு உரியது. 1905 மார்ச்சில் கோப்பை அரையிறுதியில் இவ்விரு அணிகளும் மீண்டும் மோதின. ரேஞ்சர்ஸ் வீரர் கிரெய்க்கை உதைத்தார் என்று கூறி நடுவர் குவினை வெளியேற்றினார். கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது. ஆட்டம் பாதியில் நின்றது. விசாரணையில் குவினுக்குச் சார்பாகப் பேசியவர் வேறு யாருமல்லர். அடிபட்டவராகக் கருதப்பட்ட அதே கிரெய்க்தான்! எதிரணியினராயினும் தம்மைக் குவின் உதைக்கவில்லை என்று அவர் துணிந்து உரைத்தார். ஆயினும் நடுவரின் சொல்லே நின்றது. குவினுக்கு ஒரு மாத ஆட்டத்தடை விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவரே மறுத்த குற்றத்துக்குத் தண்டனை வழங்கியதை நீதி என்று நம்மால் ஏற்க இயலவில்லை.

குவின் மென்மையாக ஆடுபவர் என்று நாம் வாதிடவில்லை. தோளால் மோதிப் பந்தை வெல்வது அக்கால விதிகளுக்கு உட்பட்டது; அதில் அவர் வல்லவர். 1907 புத்தாண்டு நாளன்று மீண்டும் ரேஞ்சர்சுக்கு எதிராக வெளியேற்றப்பட்டு, முன்னினும் நீண்ட தடையைப் பெற்றார்.

தடைகள் அவருடைய ஆட்டத்தை முடக்கவில்லை. 1905 முதல் 1910 வரை தொடர்ந்து ஆறு முறை செல்டிக் லீக் பட்டம் வென்றது. அவ்வெற்றிகளில் குவினின் பங்கு பெரிது. 1908இல் டப்ளின் நகரில் அயர்லாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்து அடித்த ஐந்து கோல்களில் நான்கு அவருடையவை. தாய்நாட்டுக்காக 11 ஆட்டங்களில் 7 கோல்கள். செல்டிக்குக்காக 331 ஆட்டங்களில் 217 கோல்கள்.

முழங்காற் காயங்கள் வாட்டவே, 1915இல் ஆட்டத்திலிருந்து விலகினார். பெயரும் புகழும் ஈட்டிய பின்னரும் அவர் திரும்பிச் சென்றது குரோய்க்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்குமே. 1945 நவம்பரில், தம் 67ஆம் வயதில் அவர் மறைந்தார்.