புகையைப் பிடித்தவர்

டீசல் என்ற சொல்லை அறியாத பிள்ளை பெரம்பூரில் இல்லை. அது ஒரு மனிதரின் பெயர் என்பதைச் சிலர் அறிந்திருப்பர். அந்த மனிதர் உருவாக்கிய எஞ்சின் வீணே வெளியேற்றிய புகையைப் பிடித்து, அதனிடம் மறுபடி வேலை வாங்கிய ஆல்ஃபிரெட் பியூகியை மட்டும் ஏனோ நாம் வீதிக்கு அழைத்து வரவில்லை. பொறியியல் வரலாற்றில் அவர் பெயர் பெரிது. டர்போ என்று எழுதிய காரை ஓட்டுகிறவர்கள் அவருக்கே கடன்பட்டவர்கள்.

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1879 ஜூலை 11 அன்று பியூகி பிறந்தார். நம் பெரம்பூரைப் போலவே ஆலைச் சங்கொலியில் வளர்ந்த நகரம் அது. அவருடைய தந்தை அங்குள்ள சுல்சர் தொழிற்சாலையில் உயர் பொறுப்பு வகித்தார். சூரிச்சின் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரியில் 1903-இல் படிப்பை முடித்த மகன், பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் எஞ்சின்களோடு சில ஆண்டுகள் பழகினார்.

அந்நாள்களில் அவரை உறுத்திய கணக்கு எளியது. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாகவே போய்விடுகிறது. அந்தப் புகையால் ஒரு டர்பைனைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தினால் என்ன? காற்று கூடினால் எரிபொருளைக் கூட்டலாம். அதே சிலிண்டரில் வலிமையும் கூடும். இந்த எண்ணத்துக்கு 1905 நவம்பரில் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றபோது அவருக்கு வயது 26.

பின்னர் நேர்ந்தது நீண்ட காத்திருப்பு. சுல்சர் நிறுவனத்தின் டீசல் ஆராய்ச்சிப் பிரிவுக்கு 1909-இல் தலைமையேற்றார். 1911-இல் அங்கே சோதனைக்கூடம் அமைந்தது. 1915-இல் உருவான முதல் மாதிரி எஞ்சினோ தேவையான காற்றழுத்தத்தைத் தக்கவைக்க முடியாமல் தோற்றது. தீயாய்க் கொதிக்கும் புகைக்கு நடுவே அதிவேகத்தில் சுழலும் தகடுகளைத் தாங்கவல்ல உலோகம் அன்று கைக்கு எட்டவில்லை. எண்ணம் சரியாக இருந்தும் காலம் கனியாத நிலை எத்தனையோ அறிஞர்களை முடக்கியிருக்கிறது. பியூகி முடங்கவில்லை என்பதே என்னை அவர்பால் ஈர்த்தது.

வெற்றி 1925-இல் வந்தது. வந்த வழி நுட்பமானது. எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் ஒரே குழாயில் கொட்டினால், ஒன்றின் வேகம் மற்றொன்றோடு மோதிச் சிதறும். எனவே அடுத்தடுத்து வெடிக்காத சிலிண்டர்களைக் குழுக்களாகப் பிரித்து, தனித்தனிக் குழாய்களில் புகையை டர்பைன்வரை கொண்டுசென்றார். ஒவ்வொரு வெடிப்பின் துடிப்பும் சிதறாமல் தகடுகளைத் தாக்கியது. பிராய்சன், ஹன்சாஷ்டாட் டான்சிக் என்னும் இரு ஜெர்மன் பயணியர் கப்பல்களில் 1,750 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின்கள் டர்போவின் துணையால் 2,500 குதிரைத்திறன் தந்தன. 1938-இல் சவுரர் நிறுவனத்தின் லாரிக்கும் டர்போ வந்தது. பியூகி 1959 அக்டோபரில் பிறந்த ஊரிலேயே காலமானார்.

அவர் காலமான சில ஆண்டுகளில் இந்திய ரயில் பாதைகளுக்கு வந்த டபிள்யூ.டி.எம்-2 எஞ்சினின் 2,600 குதிரைத்திறனும் டர்போ தந்ததே. இன்று எண்ணூர்ப் பக்கம் ஓடும் லாரிகளிலும் அது உண்டு.

கார்களின் கதை வேறு. கப்பல் ஒரே சீரான வேகத்தில் நாள்கணக்கில் ஓடும். அதற்கேற்ற டர்போவை அளந்து பொருத்தினால் பெரும்பாலும் போதும். கார் ஓட்டியோ ஒரு நொடியில் மிதிப்பார், மறுநொடியில் விடுவார். புகை கூடக்கூட டர்பைன் வேகமெடுக்கும், வேகமெடுக்க எடுக்கக் காற்று மேலும் திணிக்கப்படும், புகையும் பெருகும். தடுக்க ஆளில்லாவிட்டால் பிஸ்டன் உடையும் வரை இந்த வட்டம் நிற்காது. வேஸ்ட்கேட் என்னும் திறப்புக் கதவு இதற்காகவே வந்தது. காற்றழுத்தம் குறித்த அளவைத் தாண்டியதும் அது திறந்து, புகையின் ஒரு பகுதியை டர்பைனைத் தொடவிடாமல் வேறு வழியில் அனுப்பிவிடும். பியூகி ஆயுள் முழுதும் பாடுபட்டுப் பிடித்த புகையில் ஒரு பங்கை அறிந்தே வீணாக்கும் கருவி! விமானங்களில் முன்பே பழகிய இக்கதவு, 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரின் டர்போவிலும் இடம்பெற்றது.

நாம் வாங்கும் டர்போ கார்களில் இக்கதவு டர்பைன் கூட்டுக்குள்ளேயே சிறிதாக இருக்கும். டர்போவைப் பெரிதாக்கும் பந்தயப் பிரியர்கள் அதை நீக்கி, வெளியே தனியாக ஒன்றைப் பொருத்துகிறார்கள். இந்தப் பக்கத்து ஷெட்களில் இந்த வெல்டிங் வேலையை நான் பார்த்திருக்கிறேன். கைத்திறனில் குறையில்லை, எனக்கு உடன்பாடில்லாதது ஒன்றே. இதை வலிமை கூட்டும் உறுப்பாகவே பலர் கருதுகின்றனர். உண்மையில் இது கடிவாளம். இதன் ஸ்பிரிங் எவ்வளவு அழுத்தத்துக்கு உரியதோ, அதற்குக் கீழே பூஸ்ட்டை இறக்க முடியாது. ஆகவே ஸ்பிரிங்கைத் தேர்வதே எஞ்சினின் ஆயுளைத் தேர்வதாகும்.

பொருத்தும் இடமும் முக்கியம். எல்லாக் குழாய்களும் கூடும் இடத்தில், புகை போகும் திசையோடு சாய்ந்து கிளைக்குழாய் பிரிய வேண்டும். செங்குத்தாகவோ எதிர்த்திசையிலோ ஒட்டினால், கதவு திறந்தும் புகை டர்பைனையே நாடும். அழுத்தம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். இரட்டைவழி டர்போவாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்த இரு வழிகளும் பியூகி 1925-இல் பிரித்த அதே குழாய்கள்தாம். இரண்டையும் ஒரே கதவுக்குள் தடுப்பின்றிக் கலக்கவிட்டால், பல ஆண்டு உழைப்பில் அவர் பிரித்ததை ஒரு வெல்டிங்கில் நாம் சேர்த்துவிடுகிறோம். இரு கதவுகள் வேண்டும்; அல்லது நடுவே தடுப்புச் சுவர் வேண்டும்.

இத்தகைய மாற்றங்களுக்கு உரிய இடம் பந்தயக்களமே. பதிவான வாகனத்தின் மூல அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. புகையை நேரே வெளியில் விடும் கதவின் அலறல் மாதவரம் நெடுஞ்சாலையோரம் உறங்குவோருக்குத் தேவையற்றது.

களத்தில் ஓட்டுவோருக்கும் ஒரு சொல். காற்றழுத்தத்தைக் கதவுக்கு உணர்த்துவது விரல் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாய். அது கழன்றால் கதவு மூடியே கிடக்கும், பூஸ்ட் கட்டுக்கடங்காது. ஓட்டத்துக்கு முன் அதன் இரு முனைகளிலும் கிளிப் இறுகியிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்க்க அரை நிமிடம் போதும்.